பூங்கொடி ஏன் தூங்கினாள்?

போன வாரம் தீபா போன் செய்தாள். பெருநகர் பக்கம் நான் முக்கால் ஆயுசைக் கழித்த துணை சுகாதார நிலையத்தில் இப்போது அவள்தான் நர்ஸ். எடுத்தவுடன் படபடவென்று பேசினாள்.

"மேடம், ரெண்டரை வயசுக் குழந்தை. திடீர்னு எந்நேரமும் தூங்குதாம். அவங்க அம்மா போனைப் பார்த்துக்கிட்டே வரிசையா காரணம் சொல்றாங்க. அதுல பாதி எனக்கே தெரியல. நான் என்ன சொல்றது?"

"எழுப்பினா எழுந்திருக்குதா?"

"எழுந்திருச்சு மேடம். இப்பக்கூட என் டேபிள்ல இருந்த பஞ்சு எல்லாத்தையும் பிச்சுப் போட்டுக்கிட்டு இருக்குது."

"காய்ச்சல், வாந்தி? தலைல அடி கிடி பட்டுச்சா?"

"ஒண்ணும் இல்ல."

"சரி. ராத்திரியில எங்கே போகுதுன்னு கேளு."

"ராத்திரி எங்கே போகும் மேடம், ரெண்டரை வயசு?" என்றாள் தீபா. அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பா? இருமலும் சேர்ந்துகொண்டு, கண்ணில் நீர் வழிந்து, சமையலறையிலிருந்து என் மருமகள் ஓடி வந்து முதுகைத் தட்டும் அளவுக்கு. தீபா பாவம், நான் மூச்சுத் திணறிச் சாகிறேன் என்று நினைத்துப் போனில் கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வாலாஜாபாத். செங்கல்பட்டில் பயிற்சி. பிரசவம் பார்ப்பது, தொப்புள்கொடி வெட்டுவது, தடுப்பூசி போடுவது, கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கொட்டுவது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தையின் தூக்கத்தைப் பற்றி ஒரு வகுப்பு நடந்ததாக நினைவில்லை. நடந்திருந்தாலும் நான் அதில் தூங்கியிருப்பேன். நைட் டியூட்டி போட்டே எங்களை உலர்த்திவிட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் வேலைக்கு வந்தேன். வந்த கொஞ்ச நாளிலேயே ஒன்று புரிந்துவிட்டது. தூங்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய் கோபமாக வருவாள். தூங்கிக்கொண்டே இருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் பயந்து வருவாள். முதல் நாள், 'அப்பாடா' என்று துணி துவைத்து, நெல் காயவைத்து, பக்கத்து வீட்டில் கதையும் பேசியிருப்பாள். இரண்டாம் நாள் அதே தூக்கத்தைப் பார்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள்.

அப்படி வருகிறவர்களை நான் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போவேன். அங்கே இருந்தவர் டாக்டரம்மா. அவரைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. நெட்டையான உருவம், வெள்ளைப் புடவை, வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. எங்களிடம் சிரிக்கவே மாட்டார். நாங்கள் அவர் முன்னால் உட்கார்ந்தது கிடையாது. ஆனால் குழந்தைகளை மட்டும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். தொட்டில் குழந்தையாக இருந்தாலும் சரி. "நீங்க பால் குடிச்சீங்களா? வாந்தி எடுத்தீங்களா? ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். முதல் தடவை பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதன் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கப் பழகினேன்.

தூங்கும் குழந்தை வந்தால் அவர் உடனே தொடமாட்டார். பெஞ்சில் படுக்கவைக்கச் சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அது மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதற்கு அசையாவிட்டால் உள்ளங்காலில் விரலால் கோடு இழுப்பார். அதற்கும் மசியாவிட்டால் மேஜை டிராயரிலிருந்து ஒரு கமர்கட் மிட்டாயை எடுத்து உதட்டில் தடவுவார். அரசாங்கம் அனுப்பிய கருவிகளில் அது சேராது, அவர் சொந்தக் காசில் வாங்கிவைத்தது. குழந்தை நாக்கை நீட்டினால் அவர் முகம் கொஞ்சம் இளகும். கழுத்தை மெல்ல வளைத்துப் பார்ப்பார். கீழ் இமையை இழுத்து ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு அம்மாவை ஒரு பக்கமும் அப்பாவை ஒரு பக்கமும் பிரித்து நிறுத்தி, இருவரிடமும் அதே கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பார். ஒருவர் எதிரில் ஒருவர் உண்மை பேச மாட்டார்கள் என்பது அவர் கட்சி.

ஒரு தடவை விவசாய வீட்டுப் பையன் ஒருவன். மதியச் சோற்றுக்கு முன்னால் ஒரு தூக்கம், பின்னால் ஒரு தூக்கம். நடுவில் பெரிய ஆள் சாப்பிடும் சோற்றைச் சாப்பிட்டான். வயிற்றில் ஏதோ புகுந்துவிட்டது என்று நானே நினைத்தேன். டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, "போன பொங்கலுக்கு எடுத்த சட்டை இருக்கா?" என்று கேட்டார். மறுநாள் போட்டுக்கொண்டு வந்தான். தொப்புள் வெளியே எட்டிப் பார்த்தது. "இவங்க வளர்றாங்க. அது பெரிய வேலை. வேலை செஞ்சவங்க தூங்கட்டும், எழுப்பாதீங்க" என்றார். அவனுடைய அப்பா அன்று முழுக்க அந்தச் சட்டையை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

இன்னொரு வீட்டில் சளி மருந்து. அதைக் குடித்தாலே கொஞ்சம் தூக்கம் வரும். அம்மா ஒரு ஸ்பூன் கொடுத்திருக்கிறாள். அது தெரியாமல் பெரியம்மா ஒரு ஸ்பூன். இரண்டும் தெரியாமல் அத்தை ஒரு ஸ்பூன். பாசம் மூன்று மடங்கு. அந்தக் குழந்தையை டாக்டரம்மா தன் கண் முன்னாலேயே வைத்திருந்து, அது எழுந்து இட்லி கேட்ட பிறகுதான் அனுப்பினார். மூன்று பெண்களுக்கும் கிடைத்த பாட்டு தனி.

மண் தின்று, வயிற்றில் பூச்சி வைத்து, இமை வெளுத்துப்போய்ச் சோர்ந்து தூங்கிய பிள்ளைகள் நிறையப் பேர். பூச்சி மருந்தும் டானிக்கும் கொடுத்தால் கொஞ்ச நாளில் தெருவில் கல்லெறிய ஆரம்பித்துவிடுவார்கள். அம்மைக்குப் பிறகு தூங்குவார்கள். தம்பி தங்கை பிறந்த ஏக்கத்தில் தூங்குவார்கள். இவ்வளவும் எனக்கு அத்துப்படி ஆனபிறகுதான் பூங்கொடி வந்தாள்.

பூங்கொடிக்கு மூன்று வயது. அப்பா ஏகாம்பரம் பட்டு நெசவு. காஞ்சிபுரம் முதலாளி ஒருவருக்குத் தறி போட்டவர். அம்மா மல்லிகா. இரண்டாவதாகப் பிறந்த ஆண் குழந்தைக்கு அந்த வீட்டிலேயே பிரசவம் பார்த்தது நான்தான். மல்லிகா கைக்குழந்தையோடு உள் அறையில் படுப்பாள். பூங்கொடி தன் அப்பாவோடு வாசல் பக்கத்துத் தறி அறையில் படுப்பாள். நெசவு வீடுகளில் இது வழக்கம்தான். பச்சைக் குழந்தை ராத்திரியில் அழுதால் தறியில் உட்காருகிறவருக்குத் தூக்கம் கெடக்கூடாது அல்லவா?

சித்திரை மாதம். கைக்குழந்தைக்கு எடை பார்க்கப் போயிருந்தேன். மல்லிகா என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், இவளைக் கொஞ்சம் பாரு சிஸ்டர். காலைல எய்ந்து ரெண்டு வாய் துன்னுட்டு சுருண்டுக்கிறா. மத்தியானம் எய்ப்பினா திரும்பவும் வியுந்துடறா. பொயுது சாஞ்சாத்தான் கண்ணத் தொறக்கறா. முன்னல்லாம் இப்டி கெடையாது."

தறிக்குப் பக்கத்தில் பாயில் பூங்கொடி கிடந்தாள். மல்லிகா பேசிக்கொண்டே குழந்தையின் மூக்குக்குக் கீழே ஒரு விரலை வைத்தாள், மூச்சு வருகிறதா என்று. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வைத்தாள்.

"சும்மா சும்மா அப்படிப் பார்க்காதே மல்லிகா."

"எந்தம்பி இப்டித்தான் சிஸ்டர் தூங்கினான். திருவியாவுக்குப் போய்ட்டு வந்த அசதின்னு எங்கம்மா எய்ப்பாம வுட்டுடுச்சு. அவன் எய்ந்துக்கவே இல்ல."

மூளைக்காய்ச்சல். அப்போது அந்தப் பக்கத்தில் அந்தப் பேச்சை எடுத்தாலே தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் போட்டுக்கொள்வார்கள். எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளாமல் தொட்டுப் பார்த்தேன். உடம்பு சில்லென்று இருந்தது. மேல் உதட்டின் மேல் கரிக்கோடு ஒன்று, மீசை மாதிரி.

"இது என்ன?"

"அடுப்புக்கரிய எடுத்து மூஞ்சில தீட்டிக்கிறா. தம்பி பொறந்ததுலருந்து எல்லாம் கிறுக்குத்தனந்தான்."

சரி, தம்பி பிறந்த ஏக்கம் என்று நினைத்தேன். தறியில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்து, இமை கனத்து, ஒரு கொட்டாவி விட்டார். பாவம், பெண்ணை நினைத்துத் தூக்கமில்லை போலிருக்கிறது என்று அவருக்காகவும் வருத்தப்பட்டேன். தறியில் ஒரு முகூர்த்தப் புடவை. போன தடவை வந்தபோது முந்தானையில் பாதி மாங்காய் தெரிந்தது. இந்தத் தடவையும் அதே மாங்காய் அதே பாதியில் நின்றது.

"என்ன ஏகாம்பரம், மாங்காய் இன்னும் பழுக்கலையா?"

"நூலு சரியில்ல சிஸ்டர். ஒரே பேஜாரா கீது" என்றார் ஏகாம்பரம், என் முகத்தைப் பார்க்காமல்.

மல்லிகா சொன்னாள்: "முகூர்த்தத்துக்குள்ள தறிலருந்து அறுத்துக் குடுக்கணும் சிஸ்டர். அதுக்காவ இந்த வருசம் கூத்துக்குக் கூட போவ மாட்டேன்னு கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிக்கீறாரு."

கூத்து என்றால் செய்யாற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் அம்மன் கோயில் திருவிழாக் கூத்து. காப்புக் கட்டியதும் ஆரம்பித்தால் தினமும் ராத்திரி தொடங்கி விடிந்தபிறகுதான் முடியும். ஏகாம்பரம் அதற்குப் பைத்தியம் என்பது ஊருக்கே தெரியும். வேலைக்காக விட்டுவிட்டாரே, நல்ல மனுஷன் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அன்றைக்கே எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். பஸ் குலுங்கிய குலுங்கலுக்குச் செத்த கிடாவே எழுந்திருக்கும். பூங்கொடி எழவில்லை.

டாக்டரம்மா பெஞ்சுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். "பூங்கொடி, எழுந்திருங்க" என்றார். பதில் இல்லை. காலில் கோடு இழுத்தார். காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். கமர்கட் தடவினார். தூக்கத்திலேயே நக்கினாள், சப்புக்கொட்டினாள், திரும்பிப் படுத்தாள். உட்காரவைத்தால் தொப்பென்று சாய்ந்தாள். கழுத்து நன்றாக வளைந்தது. காய்ச்சல் இல்லை. இமை சிவப்பாகத்தான் இருந்தது. பிறகு பெற்றோரைப் பிரித்தார்.

"ராத்திரி யார் கூடப் படுப்பாங்க?"

"அவரு கூட, தறி ரூம்புல" என்றாள் மல்லிகா.

"நல்லாத் தூங்குவாங்களா?"

"தூங்குவா டாக்டரம்மா. ஒரு சத்தம் கேக்காது."

மறு பக்கத்தில் ஏகாம்பரத்திடம் அதே கேள்வி. அவர் துண்டை முறுக்கிக்கொண்டு, "எங்கூடத்தான்மா. படுக்க வச்சா அப்டியே கெடப்பா" என்றார். இரண்டு பதிலும் ஒத்துப்போனதால் டாக்டரம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. கிராம்பைக் கடித்தபடி கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.

"பார்த்த வரைக்கும் ஒண்ணும் தப்பாத் தெரியல. ஆனா எழுந்து நிக்க மாட்டேங்கறாங்க. இப்படியே வீட்டுக்கு அனுப்ப நான் துணிய மாட்டேன். ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க சிஸ்டர். செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்துடட்டும்."

மல்லிகா சத்தம் போட்டு அழவில்லை. கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, பூங்கொடியின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டாள். ஏகாம்பரம் சுவரைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருப்பதைச் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அவர் தவித்தது எனக்கு அப்போது தெரியவில்லை.

டிரைவர் மாணிக்கம் ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவந்து எஞ்சினை ஓடவிட்டார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எஞ்சின் சூடாகும் வரை கை சும்மா இருக்காது. பானெட்டில் தாளம் போடுவார். டண்டக்கு டண்டக்கு டக்குடக்கு என்று அன்றைக்கும் போட்டார்.

பூங்கொடி ஒரு கண்ணைத் திறந்தாள். மாணிக்கம் இன்னும் வேகமாக அடித்தார். பூங்கொடி இன்னொரு கண்ணையும் திறந்தாள். சடக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். பெஞ்சிலிருந்து வழுக்கி இறங்கினாள். அப்பாவின் தோளிலிருந்த துண்டை இழுத்துத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டாள். இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து, காலைத் தரையில் ஓங்கி மிதித்து, அந்த அறைக்கு நடுவில் கிறுகிறுவென்று சுற்றினாள். சுற்றி நின்று, அடித்தொண்டையில் ஆம்பிளைக் குரல் எடுத்துக் கத்தினாள்:

"வந்தாச்சு வந்தாச்சு, வயி வுடுங்கடா! பின்னால ராசா வராரு! ராசாவுக்கு முன்ன நான் வரேன்! எனக்கு முன்ன எந்தொப்ப வருது!"

கூத்தில் ராஜா வருவதற்கு முன்னால் வந்து கோமாளித்தனம் பண்ணுவானே கட்டியக்காரன், அப்படியே அவன்தான். இல்லாத தொப்பையைத் தள்ளிக்கொண்டு டாக்டரம்மாவின் எதிரில் போய் நின்றாள். மேலிருந்து கீழே பார்த்தாள்.

"ராசாவே, நாஷ்டா ஆச்சா?"

டாக்டரம்மா வாயிலிருந்த கிராம்பை எடுத்தார். "இன்னும் இல்லைங்க" என்றார்.

நான் கைக்குழந்தையைக் கீழே போட்டுவிடப் போகிறேனே என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உடம்பெல்லாம் குலுங்கியது. அந்தக் கரிக்கோட்டு மீசை இப்போதல்லவா புரிகிறது! அந்தப் பாதி மாங்காயும் புரிந்தது!

"இவங்க எங்கே கத்துக்கிட்டாங்க?" டாக்டரம்மா ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார்.

"தெரிலமா..."

"நைனாதான் இட்டுக்கினு போச்சு" என்றாள் பூங்கொடி, பளிச்சென்று. "அம்மாகிட்ட சொல்லாத, பொரி வாங்கித் தரேன்னுச்சு. வாங்கித் தர்ல."

ஏகாம்பரம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். பிறகு எல்லாம் கொட்டியது. முதல் ராத்திரி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினாராம். பூங்கொடி விழித்துக்கொண்டு, விட்டுவிட்டுப் போனால் கத்துவேன் என்றாளாம். தோளில் போட்டுக்கொண்டு, தலையில் முக்காடும் போட்டுக்கொண்டு, ஆற்று மணலைத் தாண்டிப் போயிருக்கிறார். போனவர் மறுநாளும் போயிருக்கிறார். அதற்கு மறுநாளும். விடியும் முன்னால் வந்து இருவரும் நல்ல பிள்ளைகளாகப் படுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"கோணி விரிச்சுப் படுக்க வச்சேம்மா. கூத்துல எல்லாக் கொயந்தையும் அங்கதான் தூங்குது. இவளும் தூங்கறான்னுதான் நென்ச்சேன். அதனால இது கூத்தால வந்த தூக்கமா இருக்கும்னு சத்தியமா தோணல. வேற ஏதோ சீக்குன்னுதான் நானும் பயந்துக்கினு இருந்தேன்."

"ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தீங்களா?"

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். "கூத்து ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. அத்தனை வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த முதுகைத்தான். திரும்பி வந்தபோது முகம் பழையபடி இருந்தது. "மருந்து எழுதறேன். ரெண்டு பேருக்கும் தூக்கம். ராத்திரியில" என்றார்.

மல்லிகா மெல்ல எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். ஏகாம்பரத்தின் எதிரில் போய் நின்றாள். அறைதான் விழப்போகிறது என்று நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"யோவ். பச்சைக் கொயந்தைய மடில போட்டுக்கினு, ஆத்துக்கு அந்தாண்ட மோளச் சத்தம் கேக்கச் சொல்ல, ஒரு நாளு போய்ப் பாக்க முடியலியேன்னு நான் ஏங்கிக்கினு கெடக்கறேன். நீ என்னை வுட்டுட்டா போன?"

சொல்லி முடிக்கவில்லை, அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து அவள் பட்ட பாடு! பூங்கொடியை வாரித் தூக்கி மூச்சு முட்ட அணைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி செய்டி, எந்தொப்ப வருதுன்னு இன்னொரு வாட்டி சொல்லுடி" என்றாள். தன் தம்பி எழுந்திருக்காமல் போன நாளிலிருந்து அவளுக்குள் இருந்த ஏதோ ஒன்று அன்றைக்கு இறங்கிப் போனதை நான் பார்த்தேன். வாசலில் மாணிக்கம், தான் செய்த காரியம் தெரியாமல், "இன்னா சிஸ்டர், செங்கல்பட்டுக்குப் போவணுமா வாணாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எடுத்த ஜீப்பை உள்ளே விடவேண்டாம், இவர்களை வீட்டில் இறக்கிவிட்டு வா என்றார் டாக்டரம்மா. கிளம்பினோம். உத்திரமேரூர் ஏரிக் காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது. முதலில் ஏகாம்பரம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். கட்டியக்காரன் ஆடிய களைப்பில் அம்மா மடியில் சாய்ந்தாள். மல்லிகாவின் விரல் பழக்கதோஷத்தில் அவள் மூக்குக்குக் கீழே போய் நின்றது.

ஏரிக்கரை தாண்டித் திரும்பிப் பார்த்தேன். அந்த விரல் நழுவி, கை முழுதும் குழந்தையின் மார்பில் விழுந்து கிடந்தது. மல்லிகா புருஷன் தோளில் தலையைச் சாய்த்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். என் மடியிலிருந்த சின்னவன் மட்டும் கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு, இந்தக் குடும்பத்தில் வந்து பிறந்தோமே என்பதுபோல் என்னைப் பார்த்தான்.

முன்னால் மாணிக்கம் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட ஆரம்பித்தார். அவர் தோளில் சட்டென்று ஒரு தட்டுத் தட்டினேன்.

"கையை வச்சுக்கிட்டு சும்மா ஓட்டுப்பா. எல்லாரும் தூங்கறாங்க."